ஊர் குரூப்பைக் கலைக்க மாட்டேன்

ஐயா,

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னபோது நான் உம் கொட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம், உன் பக்கத்தில் மருமகள் இருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது, அந்தப் பிள்ளை காதில் விழ உன்னை ஏச வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். "எம்மா, நாங்க கனடாவுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஊர் குரூப்பக் கலைச்சிரும்மா. அங்க போயிட்டா ஒண்ணுன்னா என்னால ஓடி வர முடியாது. எவனாவது எதையாவது போட்டான்னா அட்மினைத்தான் போலீஸ்காரன் வந்து பிடிப்பான்" என்றாய். அக்கறையாகத்தான் சொன்னாய், அது தெரியாமல் இல்லை. ஆனால் போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதி முடித்ததும் அப்படியே வாசித்து ஊர் குரூப்பிலும் போடப் போகிறேன். ஊருக்குத் தெரியாமல் நம் வீட்டுக்குள்ளேயே ஊர் விஷயத்தை முடிவு பண்ணினதில்தான் போன வருடம் நான் தலைகுனிந்து நின்றேன்.

அந்த குரூப்பை ஆரம்பித்தவன் நீதான், மறந்துவிட்டாயோ என்னவோ. காலேஜ் கடைசி வருடம். நம் ஊருக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும், எந்த நேரத்துக்குத் திறப்பார்கள் என்று திறக்கிறவருக்கே தெரியாது. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, போகவா இருக்கவா என்று தவிப்பார்கள். கோயில் மைக்கில் சொன்னாலும் அதன் இரண்டு ஸ்பீக்கரும் மேலத்தெருவைப் பார்த்தே கட்டியிருந்தது. கீழத்தெருவுக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் தண்ணீர் நின்றுபோகும். நீ லீவில் வந்திருந்தாய். நாலு நாள் வீடு வீடாகப் போய் இரண்டு தெருவிலும் நம்பர் வாங்கி, எல்லாரையும் ஒரே குரூப்பில் போட்டாய். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு டீச்சராக இருந்ததால் எல்லாப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும் என்று என்னையும் அட்மின் ஆக்கினாய். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், அதனால் பேசித்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். "டீச்சர் பேசுதேன், தண்ணி தொறந்தாச்சு" என்று நான் முதன்முதலாகப் பேசினபோது கீழத்தெருவிலிருந்து குடங்கள் ஓடி வந்ததை வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை.

அதற்கப்புறம் எத்தனை பேர் என்னிடம் வந்து, "டீச்சர், ரெண்டு தெருவுக்கும் தனித்தனியாப் பிரிச்சிருங்க, அவிய போடுறது நமக்கு எதுக்கு" என்றார்கள் என்று உனக்குத் தெரியாது. நம் சொந்தக்காரர்களே வந்தார்கள். பிரித்தால் நான் போய்விடுவேன், நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் நடத்தத் தயாராக இல்லை, அடங்கிவிட்டார்கள். திருவிழா நேரத்தில் ஒரு பையன் எங்க ஆள்தான் பெரிய ஆள் என்று வாளைத் தூக்குகிற வீடியோ ஒன்றைப் போட்டான். அவன் வீட்டுக்கே போய், "ஏலே, ஒனக்கு நான் எத்தனை நாள் சோறு போட்டிருக்கேன், அழி அத" என்று அவன் அம்மா முன்னாலேயே அழிக்க வைத்தேன். இதையெல்லாம் சொல்வது என் பெருமைக்காக இல்லை. இத்தனை செய்த கெத்துதான் என் கண்ணை மறைத்தது, அதற்காகச் சொல்கிறேன்.

போன புரட்டாசியில் நடந்ததை நீ தூரத்திலிருந்து பார்த்தாய். நான் பக்கத்திலிருந்து பார்த்ததைக் கேள். நம் கரிசலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மருமகள் வாசிப்பாள் என்பதற்காக எழுதுகிறேன். நல்ல மழை விழுந்துவிட்டால் நாலைந்து நாளைக்குக் காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், கால் வைக்க முடியாது, டிராக்டர் இறங்கினால் அங்கேயே நிற்கும். அதனால் மழை வருகிறது என்று பேச்சு வந்தாலே, முந்திக்கொண்டு புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். மழை வந்தால் ராஜா, வராவிட்டால் விதை போச்சு. ஆக, யார் வாயால் அந்தப் பேச்சு வருகிறது என்பது இங்கே சாமானிய விஷயமில்லை. அன்றைக்கு ஓட்டப்பிடாரத்திலிருந்து உன் சித்தி ஒரு வீடியோ அனுப்பினாள், அவளுக்கு யாரோ அனுப்பினது. கடம்பூரில் போளிக் கடை வாசலில் தண்ணீர் ஆறாக ஓடுகிறது. பார்த்ததும் எனக்குக் கை துறுதுறு என்று இருந்தது. முதலில் சொல்கிறவளாக இருக்க வேண்டும் என்கிற ஆசை, ஐயா. வேறொன்றுமில்லை. "டீச்சர் பேசுதேன், கடம்பூர்ல மழை கொட்டுது, நம்ம பக்கம் ஏறி வருது, விதைக்கிறவிய விதைங்க" என்று பேசி, வீடியோவையும் போட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் விதைத்துவிட்டது. ஓட்டப்பிடாரத்துக்காரி அனுப்பின கடம்பூர் மழையை நான் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. கடம்பூருக்கு ஒரு போன் போட எனக்குத் தோன்றவில்லை. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. அந்த வீடியோவில் கடைக்கு முன்னால் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் நான் எத்தனையோ தடவை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அது முந்தின வருடமே காற்றில் சாய்ந்து, வெட்டி எடுத்துப் போன அடையாளத்தையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இல்லாத மரம் வீடியோவில் நிற்கிறது, அது எனக்கு உறைக்கவில்லை. அது ஏதோ பழைய மழை. இரண்டு நாள் கழித்து நாலு தூறல் விழுந்தது. விதை அதை நம்பி முளைத்தது. அதற்கப்புறம் இருபது நாளைக்கு மேல் வெயில் கொளுத்தி, முளைத்தது அத்தனையும் கருகிப் போயிற்று.

கீழத்தெருப் பேச்சியம்மாளைத் தெரியும் இல்லையா, புருஷன் போனதற்கப்புறம் இரண்டு ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறாளே, அவள். காட்டு வேலை இல்லாத மாதங்களில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். முந்தின வெள்ளாமையில் எடுத்து வைத்திருந்த உளுந்து அத்தனையையும் அன்றைக்கு மண்ணில் போட்டவள் அவள். மற்றவர்கள் பாதி விதைத்து மீதி வைத்திருந்தார்கள். இவள் ஒரு கை உளுந்துகூட மிச்சம் வைக்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி நீ செய்ததற்கு வருகிறேன். பயிர் கருகினதும் குரூப்பில் பேச ஆரம்பித்தார்கள். பேச்சியம்மாள்தான் முதலில். அவள் பேசினதை நான் கேட்பதற்குள் சென்னையில் உட்கார்ந்திருந்த நீ அதை அழித்தாய். மற்றவர்கள் பேசினதையும் அழித்தாய். அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று பூட்டும் போட்டாய். அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்திருப்பாய். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் அட்மின், நான் பேசினால் போகிறது, அதனால் பூட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. நான் போய், "எல்லாரும் மன்னிச்சிருங்க, வீடியோ பழசுன்னு பாக்காமப் போட்டுட்டேன்" என்று பேசினேன். பதிலே இல்லை. ஒருத்தர்கூட ஏசவில்லை. ஐந்து நாள் அந்த அமைதியைப் பார்த்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஊர் என்னை மன்னித்துவிட்டது என்று நினைத்தேன். நம் ஊருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆறாம் நாள் தண்ணீர் வந்தது. நான்தான் குரூப்பில் சொன்னேன். குடத்தோடு குழாயடிக்குப் போனால், ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் தன் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் நின்று சொன்னாள்.

"எங்க வாயக் கட்டிப்போட்டுட்டு நீங்க மட்டும் பேசுதீயளே, டீச்சரக்கா. முந்தி கோயில் மைக்கு மேலத்தெருவப் பாத்துக் கெடந்துச்சு. இப்ப ஒங்க வீட்டுக்குள்ளயே போயிட்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பேச்சி சொல்லுத?" என்றேன்.

"நான் பேசுனத அழிச்சீயளா இல்லையா? என் உளுந்து போச்சுன்னுதானே சொன்னேன். கெட்ட வார்த்தையா சொன்னேன்?"

சத்தியமாக நான் அழிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் முகம் ஞாபகம் வந்துவிட்டது. எம்புள்ள செய்தான் என்று அந்த இடத்தில் உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை, நான் செய்தேன் என்று ஏற்கவும் முடியவில்லை. குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அறுபத்திரண்டு வயதில் குழாயடியில் வைத்து அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

உன் அப்பா கையில் போனைக் கொடுத்தேன். மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்து மேய்கிற மனுஷன், இதையும் அரைமணி நேரம் நோண்டினார். "ஏட்டி, இங்கன பூட்டு போட்டிருக்கு. ஓம்புள்ள வேலதான்" என்றார். திறங்கள் என்றேன். "தொறந்தா உன்ன ஏசுவாவளே" என்றார். ஏசட்டும், அதற்குத்தானே திறக்கச் சொல்கிறேன் என்றேன். திறந்ததும் நான் பேசினேன்: பூட்டினது என் மகன், எனக்குத் தெரியாது, ஆனால் தெரியாமல் இருந்ததும் என் குற்றம்தான், பேச்சியம்மா முதலில் பேசட்டும், அதற்கப்புறம் எல்லாரும் பேசுங்கள், ஒன்றையும் அழிக்க மாட்டேன். அப்புறம் பார், மடை திறந்துகொண்டது. அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். உன் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைக்கார அண்ணாச்சி பேசினதை மட்டும் சொல்கிறேன்: "பள்ளிக்கூடத்துல முட்டைய எண்ணி எண்ணிக் குடுத்த டீச்சரு, மழைய எண்ணாமக் குடுத்துட்டீயளே." அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏச்சு வாங்கி முடித்த அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த ஏச்சு எனக்கு வர வேண்டியது, ஐயா. அதை வழிமறித்து நிறுத்த நீ யார்?

இதற்கிடையில் உனக்கு ஒரு வார்த்தை. கல்யாணம் ஆனவன் நீ, தெரியாத ஊரில் இரண்டு பேரும் தனியாக இருக்கப் போகிறீர்கள். மருமகள் கோபத்தில் நாலு வார்த்தை பேசினால் பேச விடு. எதையாவது சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பாவிடம் நான் அப்படி வருடக்கணக்காக வாய் மூடி இருந்திருக்கிறேன். அவர் அதைச் சமாதானம் என்று நினைத்தார். எனக்குத்தான் தெரியும் அது என்ன என்று. ஐந்து நாள் நானே ஏமாந்ததற்கப்புறம்தான் அவர் மேல் எனக்கிருந்த கோபம் பாதி குறைந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் உண்மையான மழை வந்தது. ஊரில் பாதிப் பேர் கோவில்பட்டியில் வேலையில் இருந்தார்கள். இங்கே மழை ஓடைக்கு இந்தப் பக்கம் பெய்யும், அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். எங்கே விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பேச பயம். அப்போது குரூப்பில் ஒரு படம் வந்தது. ஒரு கால். கணுக்காலுக்கு மேல் கரிசல் மண் அப்பி, விரலே தெரியாமல் ஒரு கால். கூடவே பேச்சியம்மாள் குரல்: "இந்தா பாத்துக்கோங்க, ஓடைக்கு மேக்க என் காட்டுல நிக்கேன். இது இந்த வருசத்து மழதான். சந்தேகம் இருக்கவிய வந்து என் காலக் கழுவி விட்டுப் பாருங்க!" விதைக்க ஒரு மணி உளுந்துகூடக் கையில் இல்லாதவள், மழையில் நனைந்துகொண்டு தன் காட்டுக்குப் போய் நின்று, விதை வைத்திருக்கிறவர்களுக்காகச் சொன்னாள். அடுத்த அரைமணியில் கிழக்கேயிருந்து ஒரு கால், குளத்துப் பக்கத்திலிருந்து ஒரு கால். உள்ளங்காலில் மட்டும் ஒட்டினால் அது புழுதி அடங்கின மழை. கணுக்கால் ஏறினால் விதைப்பு மழை. எந்தக் காட்டில் எப்போது இறங்கலாம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கு விதைத்தவர்கள் தை மாதம் உளுந்து எடுத்தார்கள். பேச்சியம்மாளின் இரண்டு ஏக்கர் மட்டும் வெறுங்கரிசலாகக் கிடந்தது. இந்த வருட விதைப்புக்கு நம் வீட்டு உளுந்தில் அவளுக்கென்று ஒரு மூட்டை எடுத்து வைத்தேன். முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். அந்த ஐப்பசியிலிருந்து நம் குரூப்பில் ஒரே சட்டம்தான்: மழை என்று சொல்கிறவர் காலைக் காட்ட வேண்டும்.

இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "எம்மா, இனிமே காலையும் மெஷினே செஞ்சு குடுத்துரும்" என்றாய். கல்யாணத்துக்கு வந்திருந்தபோது என் குரலை உன் போனில் ஏற்றி, நான் சொல்லாத வார்த்தையை என் குரலிலேயே பேச வைத்துக் காட்டினாய். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. மழை பெய்யுது, விதைங்க என்று நாளைக்கு என் குரலில் எவனும் பேசிவிட முடியும். நீ சொல்வது உண்மைதான். பயமாகவும் இருக்கிறது. ஆனால் பயந்து கலைத்துவிட்டால் ஊர் எதைக் கேட்கும்? மனிதன் காதைப் பொத்திக்கொண்டா இருப்பான்? எங்கோ இருக்கிற ஒருத்தன் தள்ளி விடுகிற வீடியோவைத்தான் பார்ப்பான். அதைப் போட்டவன் முகம் தெரியாது, அவன் சொன்னது பொய் என்றால் போய்க் கேட்க ஒரு வாசல் கிடையாது. இங்கே பொய் சொன்னவள் மறுநாள் அதே குழாயடிக்கு வந்தாக வேண்டும். நான் வந்தேன். பேச்சியம்மாள் என்னை நிறுத்திக் கேட்டாள். எத்தனை கோடிப் பேர் இருக்கிற இடமாக இருந்தாலும் அந்தக் குழாயடி அங்கே உண்டா, சொல்.

மெஷின் காலைச் செய்யட்டும். யார் காலைச் செய்யும்? பேச்சியம்மாளின் கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். அண்ணாச்சிக்குப் பாதம் வெளியே சரிந்திருக்கும். குரூப்பில் இருக்கிற அத்தனை பேர் காலும் யாராவது ஒருத்தருக்குத் தெரியும். தெரியாத கால் வந்தால் யார் பெத்த புள்ள நீ என்று நேரில் போய்க் கேட்போம். காலை அடையாளம் தெரிகிற அளவுக்கு மேல் இந்த குரூப் பெரிதாக வேண்டாம், பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளட்டும். இனி வரப்போகிற காலம் எப்படி இருக்கும் என்று நீ படம் போட்டுக் காட்டுகிறாய். எனக்குத் தெரிந்த வரைக்கும் நாங்கள் இப்படித்தான் இருப்போம். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் போகட்டும். முப்பது வருடம் ஆபீசர்களுக்குப் பதில் சொன்னவள் நான், இன்னும் ஒரு ஆபீசருக்குச் சொல்ல மாட்டேனா?

கடைசியாக ஒன்று. இன்று காலையில் உன்னை அட்மினிலிருந்து எடுத்துவிட்டேன். உன் அப்பா அழுத்தவில்லை, நானே அழுத்தினேன். கோபப்படாதே. குரூப்பை விட்டு உன்னை அனுப்பவில்லை. எல்லாரையும் போல நீயும் பேசலாம், என்னை ஏசலாம், ஊர் உன்னை ஏசினால் கேட்டுக்கொள்ளலாம். இன்னொருத்தர் வாயை மட்டும் இனி நீ மூட முடியாது. உன் இடத்தில் பேச்சியம்மாளைப் போட்டிருக்கிறேன். என்னை நடுக்குழாயடியில் வைத்துக் கேட்டவளையா என்பாய். ஆமாம், அவளைத்தான். நான் மறுபடி தப்புச் செய்தால் என்னை நிறுத்த இந்த ஊரில் அவளுக்குத்தான் தைரியம் இருக்கிறது.

இன்னும் ஒரு மாதத்தில் புரட்டாசி. நீ அப்போது அங்கே இருப்பாய். அங்கே பனி பெய்யுமாமே. பெய்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் அதில் நின்று படம் எடுத்துப் போடு. சிறு பிள்ளையில் எட்டயபுரத்துக்கு என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாய். நான் பார்க்காமல் மிதித்ததில் உன் இடது கால் சக்கரக் கம்பிக்குள் போய், சுண்டுவிரல் பக்கம் வெட்டுப்பட்டதே, அந்தத் தழும்பு தெரிகிற மாதிரி எடு. எந்த மெஷின் எந்தக் காலைச் செய்தாலும் செய்யட்டும். அந்தத் தழும்பைப் பார்த்ததும், எம்புள்ள நல்லாத்தான் நிக்கான் என்று நான் ஊருக்குச் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா